மந்தைவெளி மாடியில் மூன்றாவது குரல்

1

ஆவணி மாதம் வந்தால் எங்கள் சாப்பாட்டு மேசை கந்தோர் மேசை ஆகிவிடும். கடவுச்சீட்டுப் பிரதிகள் ஒரு பக்கம், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்கள் இன்னொரு பக்கம், போன வருடத்து விசா நீடிப்புக் கடிதம் நடுவில். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே அடுக்குவேன். ஊரில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்தவன் நான். ஒரு தாள் இடம் மாறினாலும் முதலிலிருந்து சரிபார்க்காமல் விடமாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டியது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம். அது இல்லையென்றால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் மற்றத் தாள்களைத் தொடவும் மாட்டார்கள். முகவரி இல்லாத வெளிநாட்டவன் இந்த நகரத்தில் இல்லாதவன். நீடிப்பு கிடைக்காவிட்டால் மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. ஊருக்குத் திரும்பினால் என் மனைவி மலர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டுவிடுவாள்.

இந்த வருடம் மற்றத் தாள்கள் எல்லாம் மேசையில் இருக்க, அது மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஊர்ச் சபையாராகிய உங்களுக்குச் சொல்ல, இந்த வீட்டுக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2

அடையாறு, கோட்டூர்புரம், நங்கநல்லூர் என்று வீடு தேடி அலைந்த காலம். வாசலில் நின்று நான் வாய் திறந்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறும்.

"சார் கேரளாவா?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"ஓ, சிலோனா? வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன்."

போன் வராது. ஒரு வீட்டில், "நாங்கள் ஆறுதலாய் யோசிச்சுச் சொல்லுறம்" என்று நான் சொல்ல, அந்த அம்மா கலவரப்பட்டு, "எதுக்குங்க ஆறுதல்? யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் ஆறுதலாய் என்றால் அவசரமில்லாமல் என்று அவருக்கு எப்படி விளக்குவது? மலர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மந்தைவெளியில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் முனுசாமிதான் வழி காட்டினார். "வூடு தேடிக்கினு கீறியா சார்? தோ, அந்த மாடி காலியாத்தான் கீது. ஆனா எவனும் தங்க மாட்டேன்றான். மூணு குடும்பம் வந்து ஓடிப்போச்சு."

"ஏன்?"

"இன்னாத்த சொல்றது! ஓனர் ஐயரையே கேளு."

ஓனர் வைத்தியநாதன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அடையாற்றில் வேறு வீட்டில் இருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, தான் மேலே வராமல் தெருவிலேயே நின்றபடி சொன்னார்.

"என் தங்கை ராஜி இந்த மாடிலதான் இருந்தா. இங்கயேதான் போனா. அதுக்கப்புறம் யாரோ ராகம் இழுக்கறான்னு குடி வந்தவா எல்லாம் சொல்றா. ஹோமம் பண்ணிப் பார்த்தாச்சு. நீங்க ஜெபம் பண்றவா. பண்ணுங்கோ. அது போற வரைக்கும் இருங்கோ, வாடகை பாதிதான். போனதும் சொல்லிடுங்கோ. என் பொண்ணு அமெரிக்காலேர்ந்து திரும்பி வந்து இருக்கணும்னு ஆசைப்படறா. பயந்த சுபாவம். நீங்க பொய் சொல்ல மாட்டேள்னு நம்பறேன்."

வேறு எவரும் தராத ஒப்பந்தத்தை, பேய் போகும்வரை என்ற நிபந்தனையோடு வாங்கினேன். தாளில் அந்த நிபந்தனை எழுதப்படவில்லை. தாளில் வருடாவருடம் புதுப்பிக்கப்படும் என்று மட்டும் இருந்தது.

3

எங்கள் மகன் ஜெயசீலனை உங்களில் பலருக்குத் தெரியும். போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமற்போனான். உயிரோடு இருக்கிறான் என்று நன்றி சொல்லவும் முடியாது, நித்திரையடைந்துவிட்டான் என்று அழுது முடிக்கவும் முடியாது. ஆலயத்தில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவள் மலர். அவன் போனதிலிருந்து பாட்டு வந்தால் எழுந்து நிற்பாள், புத்தகத்தைத் திறப்பாள், உதடு அசையாது. சென்னைக்கு வந்த பிறகும் அப்படியேதான். வீட்டில் மாலை ஜெபத்திலும் நான் ஒருவன்தான் பாடுவேன், என் குரல் எப்படிப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

மந்தைவெளி வீட்டின் கீழ்த்தளம் தியாகராய நகர்ச் சேலைக்கடை ஒன்றின் சரக்குக் கிடங்கு. பொழுது சாயும்போதே பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு முழுக் கட்டடத்திலும் நாங்கள்தான். குடிவந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, மலரின் தாய்வீட்டுக் கீர்த்தனை ஒன்றை எடுத்தேன். முதல் சரணம் பொழுது இருட்டுவதைப் பற்றியது. அதன் இரண்டாம் அடியில் என் குரலுக்குக் கீழே இன்னொன்று சேர்ந்தது.

பெண் குரல். வாய் மூடிய குரல். சொல் இல்லை, ராகம் மட்டும். கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவிலிருந்து வந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அது மூச்சு வாங்கவில்லை.

பாட்டை நிறுத்தினேன். அதுவும் நின்றது, ஆனால் சற்றுப் பிந்தி, நான் நிறுத்தியதைக் கவனித்துவிட்டு நிறுத்துவது போல. மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. குழாய்களில் காது வைத்தேன். ஜன்னல்களை ஒவ்வொன்றாய்ச் சாத்தி ஒவ்வொரு முறையும் ஒரு வரி பாடினேன். எல்லாம் சாத்திய பிறகும் அது கேட்டது. இன்னும் கிட்டக் கேட்டது.

கடைசி ஜன்னலின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி மலரைப் பார்த்தேன். மலர் பாயில் அசையாமல் இருந்தாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்.

"அவவுக்குச் சொல்லுத் தெரியேல்லை."

"ஆருக்கு?"

"நீங்கள் வேறை பிழையாப் பாடுறியள். இப்பிடிப் பாடினால் அவ எப்பிடிப் பழகுறது? தள்ளுங்கோ."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் பாடினாள். வறண்ட குரல், இடையில் உடைந்தது. ஆனால் பாடினாள். இருட்டிக்கொண்டு வந்த அந்தக் கூடத்தில் என் மனைவியின் குரலை அத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்டுக்கொண்டு இருந்தேன். அதன் கூடவே, அவளுக்கு ஒரு முழம் பின்னால் இருப்பது போல, மற்றதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

4

வைத்தியநாதனுக்குக் கொடுத்த வாக்குக்காக இங்கே நாங்கள் போகும் சபையின் போதகரையும் சிலரையும் அழைத்தேன். நல்ல மனிதர்கள். கைகளை உயர்த்தி, அறை அறையாகப் போய், போகும்படி கட்டளையிட்டு ஜெபித்தார்கள். குரல் நின்றது. சில வாரங்கள் ஒன்றுமில்லை. அதோடு மலரும் நின்றுவிட்டாள். வீட்டுக்குள் காதை அடைப்பது போன்ற ஓர் அமைதி. கிணற்றுக்குள் இருப்பது மாதிரி.

பிறகு ஒரு மழை நாளில், நாங்கள் பாடாமலேயே, சமையற்கட்டுப் பக்கம் முதல் சரணத்தின் ராகம் மெல்ல எழுந்தது. கேட்டுப் பார்ப்பது போல ஒரு வரி. பிறகு நின்றது. மலர் அரிசி கழுவிய கையோடு வெளியே வந்தாள்.

"இனி ஒருத்தரும் வந்து அவவை ஏசக்கூடாது, சொல்லிப்போட்டன்."

மரித்தோரைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பகுதிகளை எடுத்து வைத்துப் பலமுறை வாசித்தேன். வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் மலர் பாடிக்கொண்டிருப்பாள். அவள் காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி ஜெபித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வாய் திறந்து பாடினாள். ஒரு நாள் சந்தையில் சிரித்தாள்கூட. எந்த வாசல் வழியாக இது வந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒவ்வொரு மாலையும் அதே கீர்த்தனைதான். மூன்று சரணங்கள் உள்ள அதில் இரண்டைப் பாடிவிட்டு மலர் ஆமென் சொல்லிவிடுவாள். மூன்றாவது, தொலைந்த குட்டியைத் தேடி மேய்ப்பன் இருட்டில் போவதைச் சொல்வது. அதை ஏன் விடுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

வாய் மூடிய குரலில் முதலில் உயிரெழுத்துகள் வந்தன. பிறகு வரியின் கடைசிச் சொற்கள் மட்டும் வந்தன. குழந்தைகள் பாட்டுப் பழகும்போது கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. அதைக் கேட்ட மாலைகளில் எனக்கு என் வரி தவறிவிடும். எழுந்து விளக்கைப் போடுவேன். மலரோ அடுத்த வரியை இன்னும் தெளிவாக, இன்னும் மெதுவாக எடுப்பாள்.

5

மகள் ஷாலினி இந்த நகரத்துப் பிள்ளையாகிவிட்டாள். தோழிகளோடு போனில் "மச்சி, செம காமெடி" என்கிறாள். நான் கந்தோர் என்றால் "அப்பா, ப்ளீஸ், ஆஃபீஸ்னு சொல்லு" என்கிறாள். எங்களை முன்பு நீங்கள் என்றவள் இப்போது நீ என்கிறாள். அது மரியாதைக் குறைவில்லை, இங்கே பாசம் அப்படித்தான் என்கிறாள். மாலை ஜெபத்துக்கு இருப்பது அரிது.

குரலைப் பற்றிச் சொன்னபோது, "டாங்க்ல காத்து போதுப்பா. அதுக்குப் போயி ரெண்டு பேரும் சீன் போடுறீங்க" என்றாள்.

ஒரு மாலை முனுசாமியிடம் துணி கொடுத்துவிட்டு அவள் மேலே வந்தாள். நாங்கள் இரண்டாம் சரணத்தில் இருந்தோம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முடிந்ததும், சிறு வயதில் பேசிய பேச்சு அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"அம்மா, அவ 'காற்று' எண்டு எங்களை மாதிரியெல்லோ சொல்லுறா."

உண்மைதான். இந்த ஊர்க்காரர் அந்தச் சொல்லை அழுத்திச் சொல்வார்கள். நாமோ நாக்கு நுனியால் மெல்லத் தட்டிச் சொல்வோம். மலர் கற்பித்த மாதிரியே அது கற்றிருந்தது.

அடுத்த நாள் தள்ளுவண்டியைக் கடந்தபோது முனுசாமி கேட்டார்: "இன்னா சார், ஊர்லேர்ந்து சொந்தக்காரம்மா யாரனா வந்துக்கினு கீறாங்களா? நேத்து ரெண்டு பொம்பள கொரலு கேட்டுச்சு. உன் பொண்ணு என்னாண்ட நின்னுக்கினு இருக்கசொல்லோதான்."

"இல்லை."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் வைத்தபடியே அவர் என்னைப் பார்த்தார். துணி கருகும் வாசம் வந்தது. "அட, உன் சட்டை போச்சு சார்!" என்று பதறிப் பெட்டியைத் தூக்கினார். அன்று முதல் எங்கள் துணியைத் தானே மேலே கொண்டுவந்து தருவதை நிறுத்திக்கொண்டார்.

6

இந்த ஆவணியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்டபோது வைத்தியநாதன், "பொண்ணு தை மாசம் வர்றேங்கறா. நானே வந்து கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார்.

வந்தார். தங்கை இறந்த பிறகு அவர் அந்தப் படிகளில் ஏறியது அதுவே முதல் முறை என்று பிறகு தெரிந்தது. கூடத்தின் நடுவே நாற்காலியில், செருப்பைக் கழற்ற மறந்து உட்கார்ந்தார். மலர் காப்பி கொடுத்தாள். குடிக்கவில்லை.

"பாடுங்கோ" என்றார்.

மேசையில் மற்றத் தாள்கள் எல்லாம் அடுக்கியபடி இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு பாடினேன். மலர் பாடினாள். முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. எங்கள் இரண்டு குரல் மட்டுந்தான். சமையற்கட்டுப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஓர் இறுக்கம் இருந்ததே தவிர, ஒலி இல்லை.

வைத்தியநாதன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகமோ, ரயில் போன பிறகு மேடையில் நிற்பவரின் முகமாக இருந்தது.

"போயிட்டா" என்றார். "நல்லது. நீங்க வேற எடம் பார்த்துக்கோங்கோ. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது."

நான் வாய் திறக்குமுன் மலர் பேசினாள். "போகேல்லை ஐயா. நீங்கள் இருக்கிறபடியால் பாடாமல் நிக்கிறா."

"வீட்டுக்காகச் சொல்றேள்."

"வீடு உங்கடை. எடுங்கோ. நாங்கள் எங்கையெண்டாலும் போவம். ஆனா அவ போயிட்டா எண்டு நான் சொல்ல மாட்டன். அது பொய்."

அவர் காப்பி டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அதனிடம் சொல்வது போலச் சொன்னார். "புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் ராஜி இங்க வந்தா. நன்னாப் பாடுவா. தெருவுல போறவா நின்னு கேப்பா. கேட்டுட்டு, வாழாவெட்டிக்கு என்ன பாட்டுன்னு பேசிண்டு போவா. நான்தான் சொன்னேன், இந்தாத்துல இனிமே பாட்டு வேண்டாம்னு. 'சரிண்ணா'ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அடுக்களைல வாயை மூடிண்டு இழுப்பா. அதையும் நான் வர்ற சத்தம் கேட்டா நிறுத்திடுவா."

மலர் அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோவன்" என்றாள் மலர். "பாடச் சொல்லுங்கோ."

அவர் சமையற்கட்டின் பக்கம் திரும்பினார். உதடு பிரிந்தது. சொல் வரவில்லை. எழுந்தார், மேசையைப் பிடித்துக்கொண்டார், என் தாள்கள் சில கீழே விழுந்தன. அப்படியே வாசலைக் கடந்து படிகளில் இறங்கினார்.

7

நான் குனிந்து தாள்களைப் பொறுக்கினேன். ஒழுங்கு தெரியவில்லை. பதிவு அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்பு, விமான நிலையம், ஊரில் கூரை இல்லாத வீடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. மலரைப் பார்க்கப் பயமாக இருந்தது. வாய் மூடிவிட்டதா என்று பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் பாட ஆரம்பித்தாள். எவருக்காகவும் இல்லை, வீட்டுக்காகவும் இல்லை. கண் மூடி, கைகளை மடியில் மல்லாத்தி வைத்து, முதல் சரணத்திலிருந்து பாடினாள்.

இரண்டாம் அடியில் மற்றக் குரல் வந்தது. எப்போதையும்விடத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் உருண்டு, 'காற்று' எங்கள் ஊர்க் காற்றாக வந்தது. கீழே படிகளில் செருப்புச் சத்தம் நின்றது.

இரண்டு சரணமும் முடிந்தன. ஆமென் சொல்வாள் என்று காத்திருந்தேன். மலர் மூச்சு இழுத்து, மூன்றாவதை எடுத்தாள்.

தொலைந்த குட்டி. இருட்டு. தேடிப் போகிறவர். அந்தச் சரணத்தில் குட்டி கிடைத்ததா என்று வராது, தேடுகிறவர் நிற்கவில்லை என்று மட்டுமே வரும். மலரின் கன்னத்தில் நீர் ஓடியது, ஆனால் குரல் உடையவில்லை. மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலேயே, தெரிந்தாக வேண்டும் என்று கேட்காமலேயே, அவனைப் பாட்டுக்குள் வைத்துவிட்டு அவள் கை விரித்து இருந்தாள். இத்தனை வருடமாக இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் அவை.

மற்றக் குரல் திகைத்தது. அதற்கு அந்தச் சரணம் தெரியாது. நாங்கள் ஒரு நாளும் பாடவில்லையே. ஒரு வரி மௌனமாக இருந்தது. பிறகு வாய் மூடி, ராகத்தை மட்டும் இழுத்துக்கொண்டு, மலருக்குப் பின்னால் மெல்ல வந்தது.

பாட்டு முடிந்து நான் வாசலுக்குப் போனேன். வைத்தியநாதன் நடுப்படியில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"உங்க ஊர்த் தமிழ்ல பாடறா."

"ஓம் ஐயா."

"கடைசியில அடுக்களைல இழுக்கற மாதிரி இழுத்தா. அந்த மூணாவது சரணம் அவளுக்குப் பாடமாகலை."

"அது இண்டைக்குத்தான் முதல் பாடினது" என்று மலர் உள்ளிருந்து சொன்னாள்.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எங்கள் இருவரையும் தவிர வேறொருவருக்கும் கேட்க வேண்டும் என்பது போல, தலையைச் சற்று உயர்த்திக் கேட்டார்.

"பாடமாக இன்னும் ஒரு வருஷம் ஆகுமா?"

"ஆகும் ஐயா" என்றாள் மலர். "கூடவும் ஆகலாம்."

"பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன். பேப்பரைக் கொண்டாங்கோ."

பொறுக்கிய தாள்களுக்குள், கையெழுத்துக்காக எழுதி வைத்திருந்த புதிய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபின் எழுந்திருக்கவில்லை. படிச் சுவரில் தலையைச் சாய்த்து, மேலே பார்க்காமல், அடித்தொண்டையில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"பாடு."